வள்ளிநாயகியின் சோத்துக்கை

இது நடந்த கதை. மாரியாத்தா மேல் ஆணையாக நடந்தது. கோலா சாவாவில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள். ஒன்றே ஒன்றுதான், கதை கொஞ்சம் இழுபட்டிருக்கும். ரப்பர்க் காட்டில் பிறந்த வாய் எதையும் இழுத்துப் பார்க்காமல் விடாது. ஒரு சாண் நடந்ததை ஒரு முழமாக்கியிருக்கும், அவ்வளவுதான். சரி, ஒரு மைல். அதற்கு மேல் சத்தியமாக இல்லை.

கேட்க வந்தவர்கள் சத்தியசீலன் ஒட்டுக்கடையில் இடம் பார்த்து உட்காரலாம். சத்தியசீலன் தேத்தாரேக்கு நுரை கட்டிக்கொண்டே கேட்கட்டும். அவர் தேத்தண்ணியை இழுக்கிற இழுப்பைவிட இந்தக் கதையின் இழுப்பு குறைவுதான். அங்கே உட்கார்ந்திருக்கிற பஞ்சாலையும் கேட்கட்டும். வள்ளிநாயகியோடு சேர்ந்து செம்பனை உதிரிப்பழம் பொறுக்குகிறவள் அவள். தெரிந்த பாதியை வாயில் அடக்கிவைத்துக்கொண்டு தெரியாத பாதியைக் கேட்டால் போதும்.

வள்ளிநாயகிக்கு ஐம்பது வயது. ஆள் ஒல்லி. துணி காயப்போடும் கம்பியில் நைட்டியோடு சேர்ந்து தொங்கினால் எது நைட்டி, எது வள்ளிநாயகி என்று கண்டுபிடிக்க முடியாது. பிறவியிலேயே பீச்சாங்கைக்காரி. சோறும் அந்தக் கையில்தான். சின்னதில் அவள் அம்மா அந்தக் கையில் வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தாள். பிள்ளை வேப்பெண்ணெயோடு சேர்த்தே சோற்றைத் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டது. வயிறு எந்தக் கை என்று கேட்பதில்லை, விடு என்றார் அப்பா. அதிலிருந்து கல்யாண வீட்டுப் பந்தியில் இடது ஓரத்து இலை வள்ளிநாயகிக்கு. நடுவில் உட்கார்ந்தால் அவள் முழங்கை பக்கத்து இலைப் பாயசத்தில் குளித்துவிட்டு வரும். கோயிலில் விபூதி மட்டும் வலது கையில் வாங்குவாள். மனுசர்களைக் குழப்பலாம், சாமியைக் குழப்பக் கூடாது என்பாள்.

இதில் வந்தது ஒரு வம்பு. தோட்டத்தில் யார் வலது, இடது என்று பேசுகிறார்கள்? வலது பக்கம் என்றால் சோத்துக்கைப் பக்கம், இடது என்றால் பீச்சாங்கைப் பக்கம். மலாய்க்காரர் ‘கானான்’ என்றால் சோத்துக்கை, ‘கீரி’ என்றால் பீச்சாங்கை. இப்படித்தான் எல்லாப் பிள்ளைகளும் படித்தன. வள்ளிநாயகியும் படித்தாள். ஆனால் சோறு தின்கிற கை எதுவோ அதுதானே அவளுக்குச் சோத்துக்கை? நின்று யோசித்தால் சரியாகச் சொல்லிவிடுவாள். மோட்டார் சைக்கிள் யாரையும் நின்று யோசிக்க விடுவதில்லை.

மோட்டார் லைசன் டெஸ்டில் இரண்டு தடவை தவறியது இதனால்தான். முதல் தடவை அதிகாரி கானான் என்றார். வள்ளிநாயகி கீரிப் பக்கம் ஒடித்து, அவர் பிரித்து வைத்திருந்த நாசி லெமாக் பொட்டலத்துக்கும் அவர் வாய்க்கும் நடுவில் புகுந்து வெளியே வந்தாள். அடுத்த தடவை அவர் நாசி லெமாக்கைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் டெஸ்டை ஆரம்பித்தார். பொட்டலம் தப்பியது, லைசன் வரவில்லை.

அவள் வீட்டுக்காரர் தங்கராஜுவுக்கு இராத்திரியில் செண்டாயான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, வாசல் காவல். காலையில் வந்து படுத்தால் அவர் விடுகிற குறட்டையில் செம்பனங்குலை தானாக விழும். அவர் உள்ளே தூங்க, மோட்டார் வெளியே தூங்கும். அதே செண்டாயானில் கேன்டீன் நடத்தும் ரோகினி, வள்ளிநாயகியை வடை சுடக் கூப்பிட்டிருந்தாள். வருசக்கணக்காகக் குனிந்து பழம் பொறுக்கிய முதுகுக்கு நிமிர்ந்து நின்று செய்கிற வேலை. ஆனால் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வண்டி ஓட்டி வருவதானால் வாங்கக்கா, அடுத்த மாதம் வரைக்கும் இடத்தைப் பிடித்து வைக்கிறேன் என்று ரோகினி சொல்லிவிட்டாள். மூன்றாவது டெஸ்டுக்கு நாளும் குறித்தாயிற்று. ஓட்டிப் பழக மோட்டார் சாவி வேண்டும். தங்கராஜுவோ சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கால்சட்டையோடேயே தூங்கினார்.

இந்த நிலைமையில்தான் மகள் மாதவிக்குக் கம்பெனி விருந்துக் குலுக்கலில் ஒரு பரிசு விழுந்தது. போர்டிக்சன் பக்கத்தில், நாலு சக்கர மோட்டாரில், பாலைவனமும் கடற்கரையும் சுற்றிவர இரண்டு பேருக்கு டிக்கெட். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கென்றே வைத்தது, வழிகாட்டி கூடவே வருவார், லைசன் தேவையில்லை. மாதவிக்கு ஓவர்டைம் இருந்ததால் அப்பா அம்மா தலையில் கட்டினாள். தங்கராஜு அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு, இதற்குப் பதிலாக அரிசி மூட்டை கிடைக்குமா என்று விசாரித்தார். கிடைக்காது என்று தெரிந்த பிறகுதான் சட்டையை இஸ்திரி போட்டார்.

நெகிரி செம்பிலானில் ஏது பாலைவனம் என்று கேட்பீர்கள். முன்பு லாரி லாரியாக மணல் அள்ளிய இடம் அது. அள்ளியது போக மிச்சம் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது. நடுவில் பலகையில் ஒட்டகப் படம் ஒன்றை நட்டு, சகாரா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்றைய வெயிலுக்கு அந்த ஒட்டகப் படம் பலகையிலிருந்து இறங்கிப் போய் நிழலில் படுத்திருந்தது.

வழிகாட்டி ரோஸ்லி பட்டாளத்தில் சார்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலைத் தவிர மற்றதெல்லாம் சாந்தமான மனுசர். வலது கைப்பிடிக்குக் கீழே இருக்கும் நாக்கைக் கட்டைவிரலால் அழுத்தினால் வண்டி போகும், விரலை எடுத்தால் ஓய்ந்துவிடும் என்று காட்டினார். மணலில் முரட்டுத்தனம் கூடாது, மெதுவாகப் போகிறவர்தான் இங்கே கெட்டிக்காரர் என்றார். ஒரு வண்டிக்கு இரண்டு பேர், யார் முன்னால் என்று கேட்டார்.

வள்ளிநாயகி கையைத் தூக்கினாள். பீச்சாங்கையைத்தான்.

தங்கராஜு சிரித்தார். பக்கத்து வண்டியில் சிரம்பான் வியாபாரி சொக்கப்பனும் அவர் மனைவி செல்லம்மையும் ஹெல்மெட்டுக்குள் தலையைத் திணித்துக்கொண்டு இதையே பார்த்திருந்தார்கள். பார்க்க ஆள் இருந்தால் தங்கராஜுவுக்கு வாய் ஒரு முழம் நீளும்.

“சரி புள்ள. நான் சொல்ற பக்கமெல்லாம் ஒடிச்சு, மாறாம கடலுக்குக் கொண்டு போயி சேத்துட்டின்னா மோட்டார் சாவி ஒனக்கு. மாறுச்சுன்னா இனி லைசன் பேச்சே எடுக்கக் கூடாது.”

“நீங்க சொல்ற பக்கம்தானே?”

“நான் சொல்ற பக்கம்தான்லா.”

வண்டி கிளம்பியது. ஐம்பது வருசமாக விபூதி வாங்குவதைத் தவிர வேறு வேலை பார்க்காத வலது கை அது. அதன் கட்டைவிரல் சோம்பேறித்தனமாகத்தான் அழுத்தியது. அதனால் வண்டி தேர் மாதிரி அசைந்து அசைந்து போனது. மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, குலுக்கவே இல்லை. ஹெல்மெட்டுக்குள் தன் மூச்சு தனக்கே கேட்பது வள்ளிநாயகிக்குப் பிடித்திருந்தது. முன்னால் ரோஸ்லியின் சக்கரத் தடம் இரண்டு பின்னல் போல மணலில் நீண்டது. அதன் மேலேயே போனாள். இத்தனை வருசம் மோட்டாரில் போனபோதெல்லாம் அவள் கண்டது தங்கராஜுவின் முதுகும் சட்டைக் காலரும்தான். ரோட்டுக்கு முன்பக்கம் என்று ஒன்று இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது.

பின்னால் இருந்த தங்கராஜுவுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முதலில் இரும்புக் கம்பியைப் பிடித்தார். ஒரு மேடு வந்ததும் மனைவியின் தோளைப் பிடித்தார். அது செம்பனை மட்டை மாதிரி கெட்டியாக இருந்தது. விட்டுவிட்டார். அடுத்த மேட்டில் மறுபடி பிடித்தார்.

சொக்கப்பனோ வியாபாரத்தில் காட்டுகிற வேகத்தைக் கட்டைவிரலில் காட்டினார். சக்கரம் சுழன்றது, மணலைத் தோண்டியது, வண்டி இறங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் அந்தப் பக்கம் தென்னமெரிக்காவில் தலை நீட்டியிருப்பார். செல்லம்மை இறங்கி நின்று, சிரம்பானிலேயே இருந்திருக்கலாம் என்பதைப் பல விதமாகச் சொல்லத் தொடங்கினாள்.

அவர்களைத் தூக்கிவிட ரோஸ்லி திரும்ப வேண்டியதாகிவிட்டது. போகும்போது வள்ளிநாயகியிடம், மாச்சிக் நன்றாக ஓட்டுகிறீர்கள், இப்படியே மெதுவாகப் போங்கள், முன்னால் சிம்பாங் வரும், பாதை இரண்டாகப் பிரியும், கானான் பக்கம் திரும்பினால் கடல், கடல் என்று எழுதிய பலகைக்குக் கீழே நில்லுங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார்.

கானான். வள்ளிநாயகிக்கு இந்தத் தடவை யோசிக்க நேரம் இருந்தது. டெஸ்டில் கிடைக்காத நேரம். கானான் என்றால் விபூதி வாங்குகிற கை. விபூதிக்கை, விபூதிக்கை என்று முனகிக்கொண்டே ஓட்டினாள். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிம்பாங் வந்தது. இரண்டு பக்கமும் செம்பனைக் காடு, இரண்டு பக்கமும் மண்பாதை. கைப்பிடியை நிதானமாக விபூதிக்கைப் பக்கம் திருப்ப ஆரம்பித்தாள்.

தங்கராஜு கெட்டவர் இல்லை. வண்டி மெதுவானதும் இவள் தடுமாறுகிறாள் என்று நினைத்தார். அந்த நொடியில் பந்தயம் அவருக்கு மறந்தே போய்விட்டது. உதவிதான் செய்தார்.

“சோத்துக்கைப் பக்கம் ஒடி புள்ள.”

அவ்வளவுதான். காதுக்கும் கைக்கும் நடுவில் வள்ளிநாயகியைக் கேட்க யாரும் இல்லை. பீச்சாங்கை இழுத்தது. வண்டி இடப்பக்கம் ஒடிந்து, பலகையை வலப்பக்கம் விட்டுவிட்டு, செம்பனை நிழலுக்குள் நுழைந்தது.

தங்கராஜு பலகையைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம்தான் பந்தயம் நினைவுக்கு வந்தது. அவள் தோற்றுவிட்டாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தார், கொஞ்ச தூரம் போகட்டும், இன்னும் நன்றாகத் தோற்கட்டும் என்று மூடிக்கொண்டார்.

அங்கேதான் அவர் தப்புப் பண்ணினார். மனுசர் இராத்திரி முழுக்க ஜாகாவில் கண் விழித்தவர். காட்டுப் பாதையில் வெயில் இல்லை. வண்டி தொட்டில் போல ஆடியது. என்ஜின் ஒரே சுருதியில் முனகியது. தோற்றவளின் தோளில் தலை சாய்ந்தது, குறட்டை வந்தது.

வள்ளிநாயகி வண்டியை நிறுத்தவில்லை. தோளில் பாரம் ஏறியதும் கட்டைவிரலை இன்னும் கொஞ்சம் தளர்த்தினாள். கல் வந்தால் சுற்றிப் போனாள். ஓர் உடும்பு குறுக்கே போனது. தலை போய், உடம்பு போய், வால் போய் முடிவதற்குள் அரைமணி நேரம் ஆனது, அவ்வளவு பெரியது. அது போய் முடியும்வரை காத்திருந்தாள். ஒரு மலாய்க் கம்பத்து வீட்டைத் தாண்டினாள். முற்றத்துக் கோழிகூட எழுந்திருக்கவில்லை. பாதை மணலாக மாறியது. சவுக்கு மரங்கள் வந்தன. அதற்கு அப்பால் கடல், யாரும் இல்லாமல் சும்மா இருந்தது.

முன்சக்கரம் தண்ணீரில் நனைகிற இடத்தில் விரலை எடுத்தாள். வண்டி ஓய்ந்தது. அலைச் சத்தத்தில் தங்கராஜு கண் விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று சுற்றிலும் பார்த்தார். வாய் ஓரத்தைத் துடைத்துக்கொண்டார்.

தூரத்தில் ஒரு கப்பல் நின்றது. பிறகு தங்கராஜு, இது அந்தக் கடல் இல்லை, பலகை அந்தப் பக்கம், நீ மாறிவிட்டாய் என்று நிதானமாக ஆரம்பித்தார்.

“கானான்னு அந்த மனுசன் சொன்னாரு. எனக்கு வெளங்குச்சு. சரியாத்தான் திருப்பினேன். நீங்கதானே சோத்துக்கைன்னிங்க?”

“சோத்துக்கைன்னா வலது கை புள்ள. ஒலகத்துக்கே தெரியும்.”

“ஒலகத்துக்கா நான் பொண்டாட்டி? முப்பது வருசமா ஒங்க எதுத்தாப்புல ஒக்காந்து திங்கிறேன். எந்தக் கைன்னு பாக்கலயா?”

தங்கராஜு கடலைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார். சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு ரோஸ்லி வந்து சேரும் சத்தம் காட்டுக்குள் கேட்டது. மூன்றாவது ஆள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, கால்சட்டைப் பையில் கையை விட்டார். சாவியை எடுத்து நீட்டினார்.

வள்ளிநாயகியும் கையை நீட்டினாள்.

“பீச்சாங்கையில வாங்காத புள்ள. சோத்துக்கைய நீட்டு.”

“நீட்டிக்கிட்டுதானே இருக்கேன்.”

இந்த இடத்தில் ஒட்டுக்கடையில் பஞ்சாலை மேசையைத் தட்டினாள். ஜெயிச்சிட்டா, வள்ளி ஜெயிச்சிட்டா, அவர் சொன்ன பக்கம்தானே ஒடித்தாள் என்றாள். சத்தியசீலன் குவளையைக் கீழே வைத்துவிட்டார். ஜெயிப்பு எங்கே வந்தது, ஒடித்த பக்கம் தப்பு, தங்கராஜு எரக்கப்பட்டுக் கொடுத்த சாவி அது என்றார். மூலையில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்த தர்மராஜ், இரண்டு பேரும் தப்பு, அந்தாள் சாவி கொடுத்தது தூங்கியதற்குத்தான் என்று நடுவில் புகுந்தான். அவனை யார் கேட்டார்கள் என்று இரண்டு பேரும் அவன்மேல் பாய்ந்தார்கள்.

“எரக்கமா? எந்த ஆம்பள எரக்கப்பட்டு மோட்டார் சாவியக் குடுத்திருக்கான்? நீங்க குடுப்பிங்களாண்ணே, அக்காகிட்ட?”

“அவள எதுக்கு இதுல இழுக்குற? வலது கைதான் சோத்துக்கை. அதுக்கு மொதல்ல பதில் சொல்லு.”

“நான் சொல்ல மாட்டேன். அக்காவக் கூப்புடுங்க, அவங்க சொல்லட்டும்.”

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சத்தியசீலன் மனைவி, யாரும் கூப்பிடாமலே ஈரக் கையோடு வெளியே வந்தாள்.