பழுப்பு மாதத்தில் வந்த தூக்கணாங்குருவிகள்

குவைத்தின் ஃபஹாஹீலில் ஒரு பறவைக் கடையில் எனக்கு வேலை. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் தூக்கணாங்குருவிகளை இனம் பிரித்து, ஆணும் பெண்ணுமாகச் சோடி சேர்த்து, காலில் வளையம் மாட்ட வேண்டும். கேட்பதற்குச் சுகமான வேலைதான். ஆனால் முட்டையிடும் பருவம் முடிந்ததும் அவற்றின் மஞ்சளும் கறுப்பும் உதிர்ந்து, மொத்தக் கூட்டமும் சிட்டுக்குருவி மாதிரிப் பழுப்பாகிவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு லோடு வந்திறங்கியது.

ஊரில் மனைவிக்கு முதல் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் பாஸ்போர்ட் முதலாளியின் மேசை இழுப்பறையில். நாற்பது சோடியையும் பிரித்து முடித்தால் லீவு, அதுவரை மாஃபி, கிடையாது என்றுவிட்டார் அந்தக் குவைத்திக்காரர். மாட்டிக்கொண்டேன் என்று அப்போதே தெரிந்தது.

கண்ணையும் காலையும் வைத்துப் பிரித்தேன். கண் வெளுத்து, கால் நீலச்சாம்பலாக இருந்தால் சின்ன முகமூடிக் குருவி. உடம்பு பெரிதாக, கால் இளஞ்சிவப்பாக இருந்தால் பெரிய முகமூடி. அலகு சிவந்து தடித்திருந்தால் கியூலியா. இனத்தில் நான் தவறவில்லை. ஆண், பெண்ணில்தான் சறுக்கினேன். முதல் வருடத்து ஆண் அச்சு அசலாகப் பெண் போலவே இருக்கும். நிறம் வரும்வரை தனியாக வைப்பதுதான் முறை. எனக்கேது பொறுமை? சந்தேகமானதற்கெல்லாம் பெண் என்று வளையம் மாட்டினேன். நாற்பது சோடியும் முடிந்தது என்று சொல்லி டிக்கெட்டும் போட்டாயிற்று.

பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஒரு கூண்டில் நான் ‘பெண்’ என்று விட்டதன் கன்னத்தில் கறுப்பு முளைத்திருந்தது. கூட இருந்த ஆண் அதைக் கம்பியோரமாகத் துரத்தித் துரத்திக் கொத்தியது. கையில் எடுத்தேன். நாலே நாலு இறகு. பிடுங்கிவிட்டேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடத்ததும் என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. மறுநாள் இன்னும் ஐந்து கூண்டுகளில் கறுப்பு.

கூட வேலை பார்த்த காயல்பட்டினத்துக்காரர் இதைக் கவனித்துவிட்டார்.

“எத்தனையத்தான் பிடுங்குவிய தம்பி? உள்ள இருந்துல்லா வருது,” என்றார்.

முதலாளியிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. எல்லாம் நிறம் மாறட்டும், திரும்பப் பிரி, அப்புறம் போ என்று இழுப்பறையைப் பூட்டினார்.

அடுத்த வாரம் மகள் பிறந்தாள். மனைவி போனில் முகத்தைக் காட்டி, யார் சாயல் என்று கேட்டாள். தொழில் புத்தி எங்கே போகும்?

“இப்பவே சொல்ல முடியாது. கொஞ்சம் வளரட்டும்.”

அவள் போனைத் தன் முகத்துக்குத் திருப்பினாள்.

“அப்ப, வளந்தப்புறம்தான் வருவீங்களா?”