இரண்டு மணிக்கு மேல் கடல்

தரை துடைப்பது, கருவிகளைக் கொதிக்கவைத்து அடுக்குவது, வருகிறவர்களுக்கு வரிசை எண் எழுதித் தருவது. தீவு ஆஸ்பத்திரியில் அவளுக்கு இருந்த வேலை இவ்வளவுதான். ஆனால் பத்துக் கட்டில்கள் கொண்ட அந்தக் கட்டடத்தில் அவளைக் கேட்காமல் ஒரு துரும்பும் அசையாது. அதனால் எல்லாரும் அவளை மேஸ்திரி என்றே கூப்பிட்டார்கள். டாக்டர்களும் அப்படித்தான்.

வருடத்தில் மூன்று வாரம் வெளிநாட்டிலிருந்து யாராவது ஒரு டாக்டர், சம்பளம் வாங்காமல் வைத்தியம் பார்க்க வருவார். இருபது வருடமாக இவர்களைப் பார்த்ததில் மேஸ்திரிக்கு ஒன்று விளங்கியிருந்தது. வந்த அன்றே கடலில் இறங்கி, மூக்குத் தோல் உரியும்வரை வெயிலில் கிடந்து, நடுநடுவே நோயாளியையும் பார்க்கிறவர்கள் மறு வருடமும் வருவார்கள். தலை நிமிராமல் வேலை பார்க்கிற உத்தமர்கள் ஒரு தடவையோடு சரி.

ஐந்து வருடம் முன்பு வந்த காது டாக்டர் அந்த உத்தமர் ரகம். இரண்டு காதுச் சவ்வும் கிழிந்திருந்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் சரிசெய்ய மாட்டார்கள். ஒன்றை முடித்து, மாதக்கணக்கில் ஆறவிட்டு, அப்புறம்தான் மற்றது. அந்த மனுஷர் காலையில் உட்கார்ந்தால் இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை. பதினான்கு பேருக்கு ஒரு காதை முடித்துவிட்டுப் போனார். பிறகு, உடம்பு ஒத்துழைக்கவில்லை, இனி வர முடியாது என்று கடிதம்தான் வந்தது. பதினான்கு பேரும் ஒற்றைக் காதோடு நின்றார்கள். அதில் ஒருத்தி மேஸ்திரியின் நாத்தனார்.

மேஸ்திரியின் இரண்டு பிள்ளைகளையும் இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அந்த நாத்தனார்தான். மேஸ்திரி பெற்றதோடு சரி. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசும்போது, மற்றவர்கள் சிரித்து முடித்தபிறகு அவள் ஒரு நொடி கழித்துச் சிரிப்பாள். என்ன சொன்னார்கள் என்று தெரியாமலே சிரிக்கிற சிரிப்பு. மேஸ்திரிக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது.

இந்த வருடம் ஒரு காது டாக்டரம்மா வந்தார். தாய் தகப்பன் நம் பாஷைக்காரர்கள் என்பதால் பேச்சுக்குத் தடையில்லை. இரண்டாம் நாளே நாத்தனாரின் காதைப் பார்த்தார்.

"சீழ் இருக்கு அக்கா. இப்ப தொடக்கூடாது. சொட்டு மருந்து விட்டு நல்லா காயணும். அடுத்த வருஷம் பண்ணிடலாம்."

அடுத்த வருஷமாம்! அதற்கு இவர் திரும்பி வரவேண்டுமே. டாக்டரம்மா நின்றுகொண்டே சாப்பிடுகிற ரகம். ஜன்னலுக்கு வெளியே கடல் அதுபாட்டுக்குக் கிடந்தது, அதை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள், கை கழுவும்போது அவர் விரல்கள் நடுங்குவதை மேஸ்திரி கவனித்துவிட்டாள்.

"டாக்டரம்மா, ஒரு அரை மணி நேரம் கடல்ல கால் நனைச்சுட்டு வாங்களேன்."

"வெளிய இத்தனை பேர் காத்திருக்காங்க. நான் போய் நீச்சலடிச்சா நல்லாவா இருக்கும்?"

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று மேஸ்திரி கூசாமல் ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். எதிரே உள்ள சின்னத் திட்டில் ஒரு நோயாளி. காதுக்குள் ராப்பகலாக இரைச்சல். முட்டி பிடித்துக்கொண்டதால் எழுந்து வரவும் வழியில்லை. படகை நானே ஓட்டுகிறேன், பத்து நிமிஷம்தான்.

நோயாளி வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர். திட்டில் தேங்காய் உலர்த்துகிறவர். பிறந்ததிலிருந்து தலைவலி என்று படுத்தறியாத உடம்பு.

"முனகுங்க, ஆனா ரொம்ப முனகி காரியத்தைக் கெடுத்துடாதீங்க" என்று படகேறுவதற்கு முந்தின ராத்திரியே அவரிடம் சொல்லிவைத்திருந்தாள்.

"எந்தக் காதுடி?"

"இடது! மறந்து தொலைச்சா, உங்க தங்கச்சி காது அவ்வளவுதான்."

டாக்டரம்மா ஐந்து நிமிடம் காதைப் பார்த்தார். கிளம்பலாம் என்றதும் மேஸ்திரி முகத்தைத் தொங்கப்போட்டாள். "தண்ணி வத்திடுச்சும்மா. திரும்ப ஏறினாதான் படகு நகரும். ரெண்டு மணி நேரமாவது ஆகும்."

வேறு வழியில்லாமல் டாக்டரம்மா தண்ணீரில் கால் வைத்தார். அரை மணியில் கழுத்தளவில் மிதந்தார். பிறகு நிழலில் படுத்து அடித்துப்போட்டதுபோல் தூங்கினார். மறுநாள் காலை விரல்கள் நடுங்கவில்லை. அன்றிலிருந்து தினமும் இரண்டு மணிக்கு இரைச்சல் நோயாளியின் அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தவர்களுக்கும் மேஸ்திரி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். காதும் காதும் வைத்த மாதிரி எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய், மறுநாள் வந்தார்கள்.

திட்டுக்குப் போக ஆரம்பித்த எட்டாவது நாள் படகின் கயிறு அவிழ்ந்து, படகு ஆழத்துக்கு நகர ஆரம்பித்தது. முனகிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் துள்ளி எழுந்து, மணலில் தலைதெறிக்க ஓடி, தண்ணீரில் பாய்ந்து நீந்திப் படகைப் பிடித்து இழுத்து வந்தார். கரையேறியபிறகுதான் அவருக்கு முட்டி வலி ஞாபகம் வந்தது. நொண்டினார். அதற்குள் டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்.

அவர் சிரிப்பார் என்று மேஸ்திரி எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"எட்டு நாள் அக்கா! இந்த நேரத்துல நான் எத்தனை பேரைப் பாத்திருப்பேன் தெரியுமா? என்னை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமாம்மா, ஏமாத்தினேன்." மேஸ்திரி ஆரம்பித்ததை விடவில்லை. பதினான்கு பேர் கதையைச் சொன்னாள், நாத்தனாரின் பிந்திய சிரிப்பைச் சொன்னாள். "இந்த வருஷம் நீங்க பத்து பேரைக் குறைச்சுப் பாத்தாலும் பரவாயில்லை. தேய்ஞ்சு போயிட்டீங்கன்னா திரும்ப வரமாட்டீங்க. நல்லவங்கதான் வர்றதே இல்லை. எனக்கு நீங்க வரணும்."

திரும்பும் வழியெல்லாம் டாக்டரம்மா முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். நல்லது செய்யப்போய்ப் பாழாக்கிவிட்டோமே என்று மேஸ்திரிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் மணி இரண்டாயிற்று. மேஸ்திரி திட்டுப் பேச்சை எடுக்காமல் மூலையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் கூட்டம் அப்படியே இருந்தது. டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"அக்கா, நோட்டை எடுங்க. அடுத்த வருஷம் இதே மாசம், முதல் திங்கட்கிழமை. யார் பேர் முதல்ல?"

மேஸ்திரி தட்டுகளை அப்படியே போட்டுவிட்டு நோட்டை எடுத்து வந்தாள்.

"உங்க நாத்தனார் பேரை எழுதுங்க. அதுக்கு அப்புறம் அந்த மிச்சப் பதிமூணு பேர். ஆனா ரெண்டு மணிக்கு மேல ஒரு பேரும் எழுதக்கூடாது. அது என் நேரம்."

மேஸ்திரி நாத்தனாரின் பெயரை எழுதினாள். கண்ணீர் விழுந்து மை கலங்கிவிட்டது. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த தாளில் மறுபடி முதலிலிருந்து எழுதினாள்.