தங்கச்சியைப் பற்றி நான் செய்த ஜெபம்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, எனக்குச் சத்தம் பெரிசு. கல்முனையில் எங்கள் சபையில் மைக் பழுதாகும் ஞாயிறுகளில் வேதம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தச் சத்தம் போன வருடம் தை மாதத்தில் கரகரக்கத் தொடங்கியது. மாசி வரும்போது வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. இஞ்சி, கொத்தமல்லி, தேன் எல்லாம் குடித்துப் பார்த்தேன். கடைசியில் தொண்டை டொக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு கட்டி இருக்கிறது, எடுத்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். கேன்சரா என்று கேட்டேன். "அனுப்பிப் பாப்பம்" என்றார். 

பயந்துவிட்டேன். அந்தப் பயத்தில் எனக்கு முதலில் நினைவு வந்தது என் தங்கச்சி. அவள் என்னைவிட இரண்டு வயது இளையவள். நாங்கள் கதைத்து இரண்டு வருடமாகியிருந்தது. சத்தம் திரும்பாவிட்டால் அவளோடு கதைக்காமலே போய்ச் சேர்ந்துவிடுவேனே என்று தவித்தேன்.

ஏன் கதைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான். அப்பா ஒரே வளவில் இரண்டு வீடு கட்டி, எனக்கு ஒன்றும் அவளுக்கு ஒன்றுமாகச் சீதனம் தந்தார். நடுவில் ஒரு கிணறு. மனதில் உள்ளதையெல்லாம் நாங்கள் அந்தக் கிணற்றடியில்தான் சொல்லிக்கொள்வோம். ஒரு நாள் உடுப்புத் தோய்க்கும்போது தன் மகளைப் பற்றிய ஒரு விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, இது உனக்கு மட்டுந்தான். அவருக்கும் இன்னும் சொல்லல்ல."

நான் ஓம் என்றேன். அந்த விஷயம் என்னவென்று இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை சொல்லிப் பட்டது போதும்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. இருபது பேர் வந்திருந்தார்கள். ஒருவரின் கதையைக் கண்ணைத் திறந்துகொண்டு சொன்னால் கோள் என்போம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் ஜெபபாரம் என்போம். நானும் பாரத்தோடு கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இந்த வளவிலே ஒரு பெண்பிள்ளை" என்று தொடங்கினேன். பிள்ளையின் பேர், நடந்த விபரம், தாயின் வளர்ப்பில் உள்ள குறை எல்லாவற்றையும் கர்த்தருக்கு விளங்கப்படுத்தினேன், அவருக்குத் தெரியாததுபோல. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். கண்ணைத் திறந்தபோது தங்கச்சி எழும்பி வாசலால் போய்க்கொண்டிருந்தாள். அவளுடைய கணவர் குனிந்தபடி பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் மகளின் விஷயத்தை அந்த மனிசன் முதன்முதலில் கேட்டது என் ஜெபத்தில்தான்.

அடுத்த நாள் வளவின் நடுவே தகரவேலி வந்தது. கிணற்றில் பாதி அவளுக்கு, பாதி எனக்கு. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. "ஜெபித்ததுக்கா ஒரு கோபம்?" என்று காண்கிறவர்களிடமெல்லாம் நியாயம் கேட்டேன். அவளுடைய கல்மனதை உடைக்கச் சொல்லி இரண்டு வருடமும் தினமும் ஜெபித்தேன். தண்ணீர் மோட்டரை நிறுத்தச் சொல்வது போன்ற சேதிகள் பின்வீட்டு முஸ்லிம் அக்கா, சித்தி ராத்தா மூலம் போய்வந்தன.

சத்திரசிகிச்சை முடிந்ததும் டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மூன்று கிழமை ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. குசுகுசுக்கவும் கூடாது. சோதனை முடிவும் அதற்குள் வரும். 

அந்த மூன்று கிழமையும் எனக்கு ஒரு கனவுக்குள் இருந்ததுபோலவே இருக்கிறது. நான் ஒரு கடைக்கு அபாயா தைத்துக் கொடுக்கிறவள். மத்தியான வெயிலில் யன்னல் சீலை மெல்ல ஆடும். கறுப்புத் துணி மெசினால் வழுகி வழுகி என் மடியில் நிறையும். பள்ளிவாசலில் ளுஹர் தொழுகைக்கான பாங்கு முடிந்ததும் தெருவெல்லாம் அடங்கிப்போகும். அப்போது கடல் பக்கத்தில் வந்துவிட்டதுபோல இரையும். மருந்தின் மயக்கத்தில் கண் சொருகும். முற்றத்தில் அப்பா நடக்கிறார் என்று தோன்றும். பிறகு பார்த்தால் அது தென்னோலை உரசும் சத்தம். தகரத்துக்கு அந்தப் பக்கம் வாளி தண்ணீரில் விழும். என் தங்கச்சி தண்ணீர் அள்ளுகிறாள் என்று நினைத்தபடியே தூங்கிப்போவேன்.

மனதுக்குள் ஜெபிக்கப் பார்த்தேன். ஆண்டவரே என்றதும் ஆட்கள் வரிசையில் வந்தார்கள், ஒவ்வொருவரும் தங்கள் குற்றத்தைத் தூக்கிக்கொண்டு. சத்தமாகச் சொன்ன காலத்தில் அது எனக்குக் கேட்டதில்லை. சத்தமில்லாமல் சொன்னபோது கேட்டது. இதையா இவ்வளவு காலமும் ஜெபம் என்று செய்தேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கு ஒரே ஒரு வரி ஜெபித்தேன். ஆண்டவரே, பிழை என்னுடையது, அவளைத் திருப்பித் தாரும்.

இரண்டு நாள் கழித்து, பின்னேரம், என் பாதிக் கிணற்றில் கால் கழுவ நின்றேன். அந்தப் பக்கம் தங்கச்சியின் குரல் கேட்டது. நான் நிற்பது அவளுக்குத் தெரியாது. மெதுவாக ஜெபித்தாள்.

"ஆண்டவரே, அங்கால இரிக்கிறது ஆரெண்டு உமக்குத் தெரியும். என்ன வருத்தமெண்டும் தெரியும். நான் ஒண்டும் சொல்லத் தேவல்ல. எனக்கு அவ வேணும், அவ்வளவுதான்."

என் பேரைச் சொல்லவில்லை. நோயின் பேரையும் சொல்லவில்லை. என்னால் அவமானப்பட்டவள், தனியாக நிற்கும்போதுகூட என்னைக் காப்பாற்றி ஜெபித்தாள். தங்கச்சி என்று கூப்பிட வாய் வந்தது, கூப்பிட முடியாது. உள்ளே ஓடி, அளவு எழுதும் கொப்பியில் ஒரு தாள் கிழித்து எழுதினேன். நான் செய்தது ஜெபமில்லை. நீ நம்பித் தந்ததைக் கூட்டத்தில் போட்டு உடைத்தேன். உன்னிடமும் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

தெருவால் சுற்றி, இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளுடைய கேற்றைத் திறந்தேன். சித்தி ராத்தா தன் வாசலில் நின்று பார்த்தா. "போங்க புள்ள, உள்ளுக்கதான் இரிக்கிறா. ஒங்கட ஒப்பரேசன் கதையக் கேட்டதிலரிந்து அவ சோறும் ஒழுங்காத் தின்னல்ல" என்றா.

தங்கச்சி நின்றபடியே வாசித்தாள். பிறகு உட்கார்ந்து இன்னொருமுறை வாசித்தாள். நான் அழத் தொடங்கியதும் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "சத்தம் போடாத அக்கா, தொண்ட வெடிச்சிரும்" என்று சொல்லிவிட்டு அவள்தான் சத்தம் போட்டு அழுதாள். எனக்கு அழுகைக்குள் சிரிப்பும் வந்துவிட்டது. 

அவள் எல்லாவற்றையும் ஒரேயடியாக மறந்துவிடவில்லை. "மறந்திட்டன் எண்டு பொய் சொல்ல மாட்டன். மகளுக்கு இன்னும் நோகுது. ஆனா நீ வந்தியே" என்றாள். அந்தத் தாளை நாலாக மடித்து வேதப்புத்தக உறைக்குள் வைத்தாள். "இத நான் ஒருத்தருக்கும் காட்ட மாட்டன்" என்றாள். எந்தப் பிரசங்கமும் எனக்கு அப்படி உறைத்ததில்லை.

மூன்றாம் கிழமை முடிவு வந்தது. கேன்சர் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். சத்தமும் திரும்பியது, பழைய அளவுக்கு இல்லை. தங்கச்சியை நோகடித்ததற்குத் தண்டனையாக ஆண்டவர் இதைத் தந்தாரா என்று போதகர் ஐயாவிடம் கேட்டேன். "அவர் ஆட்கள்ற தொண்டையப் பிடிக்கிறவரில்லம்மா. நீங்க சும்மா இருந்த நேரத்தப் பாத்து வந்திருக்கார்" என்றார். உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை தங்கச்சியின் கணவர் தகரத்தைக் கழற்றினார். மகள் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட ஆவணி மாதம் ஆனது. அதுவரை நான் காத்திருந்தேன். 

இப்போது கூட்டத்தில் என் முறை வந்தால், "ஆண்டவரே, உமக்குத் தெரியும்" என்று சொல்லி முடித்துவிடுவேன். இரண்டொருவருக்கு அது பெரிய ஏமாற்றம். பிரியமானவர்களே, நீங்களும் யாரையாவது ஜெபத்தால் நோகடித்திருந்தால், இன்னொரு ஜெபத்தால் அதை மூடப் பார்க்காதீர்கள். எழும்பி அவர்களுடைய கேற்றடிக்குப் போங்கள். கர்த்தர் உங்களுக்கு முன்னே அங்கே போய் நிற்பார். எனக்காக நின்றார்.

இதை எழுதித் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு வரியை வெட்டச் சொன்னாள், வெட்டினேன். போன ஞாயிறு ஆராதனை முடிந்து கடற்கரையால் நடந்து வரும்போது, இழுத்த தோணிகளுக்குப் பக்கத்தில் அவள் நின்றாள்.

"அக்கா, உன்னட்ட ஒண்டு சொல்லணும்."

சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வீடு வரும்வரை அவளுடைய கையை விடவில்லை. அவள் என்ன சொன்னாள் என்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது.