வீட்டுச் சாப்பாட்டு வயல்

வானதி என்னிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது கல்யாணமாகாதவள். இப்போது அவள் மகனைப் பள்ளியில் சேர்த்தாயிற்று. ஆய்வு மட்டும் முடிந்தபாடில்லை. அந்தப் பெண் இன்னுமா படிக்கிறது என்று அவள் ஊரான திருக்காட்டுப்பள்ளியில் கேட்காதவர் இல்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சில நாள் எனக்கே அலுத்துவிடும்.

அவள் தேடியது ஒரு ஈஸ்ட், பூஞ்சாண இனத்து நுண்ணுயிர். நெல் இலையின் மெழுகுத்தோலைத் தின்று அதன் மேலேயே குடியிருப்பது. காய்கறிப் பாத்தியில் விரிக்கிற மக்கும் பிளாஸ்டிக் தாளும் அதற்குக் கிட்டத்தட்ட அந்தத் தோல் மாதிரிதான். மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் தாளைச் சில நாளில் பொத்தலாக்கிவிடும். அந்த வகை ஒரே இடத்தில்தான் கிடைத்தது: அவள் அப்பா வைரக்கண்ணு, வீட்டுச் சாப்பாட்டுக்கென்று மருந்தே அடிக்காமல் விட்டிருந்த மூலைத் துண்டில். மற்ற வயல்களிலும் தேடி ஓய்ந்தோம். எல்லாம் மருந்து குடித்த பயிர்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பது எங்கள் ஆய்வகத்துக்கே சொன்னது. கோடையில் குளிர்ப்பெட்டி பழுதாகி, சேமித்த ஈஸ்ட் முழுவதும் செத்தது. பல்கலைக்கழகம் கடைசியாக ஒரு தவணை கொடுத்தது. இந்தச் சம்பா போகத்தில் மறுபடி எடுத்தாக வேண்டும். தவறினால் பட்டம் இல்லை. அதனால் நானும் அவளுடன் கிளம்பினேன்.

வைரக்கண்ணு வரப்பில் காத்திருந்தார். என்னைக் கண்டதும் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். மூலைத் துண்டு ஒரு புள்ளி இல்லாமல் பச்சையாக நின்றது. நான் குனிந்து ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தேன்.

"இலையெல்லாம் புள்ளி புள்ளியா கெடந்துச்சு மேடம். நீங்க பாத்துட்டு எம்பொண்ண ஒரு சொல்லு சொல்லிடக் கூடாதுல்ல. அதான் பூஞ்சாண மருந்து அடிச்சுட்டேன்."

அடிக்க வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அடிக்காத வயலுக்கு அதை யார் சொல்வார்கள்? கோபத்தில் வாய் திறந்தேன். வானதி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அவர் நல்ல இலையாகப் பார்த்துக் கிள்ளினார். ஒவ்வொன்றையும் வாய்க்காலில் அலசி மகளிடம் கொடுத்தார். மருந்துக்குத் தப்பியது ஏதும் இருந்தால் அதுவும் தண்ணீரோடு போயிற்று. அவள் வாங்கி வாங்கிப் பைக்குள் போட்டாள்.

"போதுமாம்மா?"

"போதும்பா."

"அடுத்த போகத்துலயும் இதே மாதிரி அடிச்சு வைக்கிறேன். எப்ப வேணும்னாலும் வா."

"சரிப்பா," என்றாள்.

அவளுக்கு அடுத்த போகம் வரை தவணை இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.