எனக்குப் போட்டியாக இருந்த ராதாபாய்

ராதாபாய் இறந்த செய்தியை எங்கள் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் சேகர்தான் தொலைபேசியில் சொன்னார். மதுரை கே.கே. நகர் வீட்டில் அப்போது விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

“மேடம், ராதா மேடம் காலைல தவறிட்டாங்க. உங்கட்ட யாரு சொல்றதுன்னு எல்லாரும் யோசிச்சாங்க. சரி, நானே சொல்லிர்றேன்னு போன் போட்டேன்.”

“வேற யாருக்கெல்லாம் சொல்லிட்டீங்க?” என்றுதான் நான் முதலில் கேட்டேன். முதல்வருக்கு, துறைத்தலைவருக்கு, அவளுடைய பழைய மாணவர்கள் சிலருக்கு என்று சேகர் அடுக்கினார். எல்லோரும் எனக்கு முன்னால். கண்ணீர் வருவதற்கு முன்பு எனக்குக் கோபம் வந்தது. ராதாபாயை அறிந்தவர்களுக்கு, என்னையும் கொஞ்சம் அறிந்தவர்களுக்கு, இது ஆச்சரியமாக இருக்காது. எங்கள் இருவருக்கும் ஆகாது என்பது கல்லூரிக் கேண்டீன் வரைக்கும் தெரிந்த விஷயம். இந்த நினைவு மலரில் எழுதுகிற மற்றவர்கள் ‘அவர்’ என்று எழுதுவார்கள். நான் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். அப்படித்தான் எனக்கு அவளைத் தெரியும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் இயந்திரவியல் துறையில் சேர்ந்தோம். துறையில் வேறு பெண்கள் இல்லாததால் எங்களுக்கு ஒரே அறையை ஒதுக்கினார்கள். அவள் மேசை சன்னல் ஓரம், என் மேசை கதவோரம். அவள் நகருக்குள், நூல் வியாபாரம் செய்யும் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவள். நான் கீழக்குயில்குடிக்கு மேற்கே, அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்களின் மகள். எங்கள் தெருவில் பொறியியல் படித்த முதல் ஆள் நான். மதுரைக்கு வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். பார்த்தார்கள், ஆனால் சன்னல் பக்கமாக.

நான் முறிந்த எலும்பின் மேல் பொருத்தும் உலோகத் தகடுகளைச் சோதித்துக்கொண்டிருந்தேன். ஒரு தகட்டைத் திரும்பத் திரும்ப வளைத்து, எப்போது விரிசல் விடுகிறது என்று பார்க்கும் இயந்திரம் ஒன்றை நானே கட்டியிருந்தேன். நாள் முழுக்க ‘டக் டக்’ என்று சத்தம் போடும். ராதாபாய் அந்தச் சத்தத்தைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி அவள் சொன்னாள்: “பாண்டி, வெளிநாட்டுல செயற்கை முட்டி செய்யிறானே, அது நாற்காலில உக்கார்றவனுக்குத்தான. நம்ம ஆளுங்க சம்மணம் போடுறாங்க, குத்துக்கால் வச்சு உக்கார்றாங்க. எங்கப்பா கடை மெத்தையில காலைல உக்காந்தா ராத்திரிதான் எந்திரிப்பாரு. அந்த முட்டிக்கு எம்புட்டு பாரம் வருதுன்னு இங்க யாரும் கணக்குப் போட்ட மாதிரியே தெரியலயே.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அம்மா நாள் முழுக்க நாற்றங்காலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாற்றுப் பறிப்பவள். சாயங்காலம் எழுந்திருக்கும்போது தரையில் கையூன்றி, “அய்யோ என் முட்டி” என்று சொல்லாத நாள் இல்லை. அது என் வீட்டு முழங்கால். அந்தக் கேள்வி எனக்கு வந்திருக்க வேண்டியது. மெத்தை போட்ட கடையிலிருந்து வந்தவளுக்கு அது வந்துவிட்டது.

அதோடு விடவில்லை. வயலில் வேலை செய்கிற பெண்களைப் படம் பிடிக்க வேண்டும், உங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போ என்று என்னிடமே கேட்டாள். மறுக்கக் காரணம் எதுவும் தோன்றவில்லை. இரவல் வாங்கிய வீடியோ கேமராவோடு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினோம். இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் பளபளக்கும் நாடாவை ஒட்டிவிட்டு, உட்காரச் சொல்லி, எழுந்திருக்கச் சொல்லி, பக்கவாட்டிலிருந்து படம் எடுத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். என் அம்மா சிரிக்கவில்லை. ராதாபாய் சொன்னபடி எத்தனை தடவை வேண்டுமானாலும் உட்கார்ந்து எழுந்தாள். நடுநடுவே ராதாபாய் அம்மாவருகில் போய் உட்கார்ந்து, உட்காரும்போது வலிக்கிறதா, எழும்போது வலிக்கிறதா, எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்ததிலிருந்து பேசினாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

திரும்பும்போது அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “யாருடி இந்தப் புள்ள? எம்புட்டுப் பதவிசாப் பேசுது! அடுத்த மாசமும் கூட்டியா தாயி.”

“நானும் அதே வேலதான பாக்குறேன்?” என்றேன்.

“நீ இரும்பப் பாக்குற. அது ஆளப் பாக்குது” என்றாள் அம்மா. அந்த வாக்கியத்தை நான் ராதாபாயிடம் கடைசி வரை சொல்லவில்லை.

அவளுடைய கணக்கு தயாரானது. ஆழமாக உட்காரும்போது மூட்டின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்று படங்களை வைத்துக் கணக்கிட்டிருந்தாள். அளவு பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. மருத்துவர்கள் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். நானும் வாங்கிப் படித்தேன். படித்ததும் எங்கோ இடித்தது. ஆய்வகத்துக் கதவைச் சாத்திவிட்டு நானே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முழுதாக உட்கார்ந்ததும் என் தொடை கெண்டைக்கால் சதையின் மேல் சாய்ந்துகொண்டது. உடம்பின் பாரத்தில் ஒரு பங்கை மூட்டு சுமக்கவில்லை, சதை சுமந்தது. ராதாபாய் மொத்தப் பாரத்தையும் மூட்டின் தலையில் போட்டிருந்தாள்.

அழுத்தத்தை அளக்கும் பட்டை ஒன்றைச் செய்தேன். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவே வைத்து, எங்கள் ஊர்ப் பெண்களையே உட்காரவைத்து அளந்தேன். பல வாரங்கள் ஆயிற்று. அந்த வாரங்களில் நான் இருந்த சந்தோஷத்தில் என் வாழ்நாளில் வேறு எப்போதும் இருந்ததில்லை. முடிவுகளை அவள் மேசையில் வைத்தபோது அவள் முகம் எப்படிச் சுருங்கும் என்று பார்ப்பதற்காகவே எதிரில் நின்றேன்.

நிதானமாகப் படித்தாள். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “நான் போட்டது தப்பு” என்றாள். அவ்வளவுதான். தாளை என் பக்கம் திருப்பி வைத்து, “என்ன அழகா அளந்திருக்க பாண்டி. சேந்தே எழுதுவோம். உன் பேருதான் முதல்ல வரணும்” என்றாள்.

அப்படியே செய்தாள். ஒரு கருத்தரங்கில், ஆயிரம் சாக்குச் சொல்லியிருக்கக்கூடிய இடத்தில், “என் கணக்கு தவறு, அதைக் கண்டுபிடித்தவர் என் பக்கத்து மேசைக்காரர்” என்று மேடையில் சொன்னாள். கைதட்டல் அடங்க நேரம் பிடித்தது. அந்தக் கைதட்டல் என் கண்டுபிடிப்புக்கு அல்ல, அவளுடைய நேர்மைக்கு. பல வருடங்கள் எங்கள் துறையில் அந்தக் கதையை ‘ராதா மேடத்தின் பெருந்தன்மை’ என்றுதான் சொன்னார்கள். அதில் என் அழுத்தப் பட்டை வராது, என் ஊர்ப் பெண்கள் வரமாட்டார்கள். தோற்பதைக்கூட அவள் என்னைவிட நன்றாகச் செய்தாள்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு தொலைநிலைக் கல்விக்காகப் பாடங்களைப் பதிவுசெய்து சிடியில் கொடுக்கும் திட்டம் வந்தது. மறுவாழ்வுப் பொறியியல் என்று ஒரு பட்டயப் படிப்பு. பாதிப் பாடங்களை எனக்கும் பாதியை அவளுக்கும் கொடுத்தார்கள். கரும்பலகையில் படம் போடுவதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வண்ணச் சாக்பீஸில் எலும்பையும் மூட்டையும் வரைந்து, பாரம் போகும் வழியை அம்புக்குறி போட்டுக் காட்டுவேன். பதிவைப் பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ராதாபாய் மட்டும் கணினியின் திரையை அணைத்துவிட்டு என் பாடத்தைக் காதால் மட்டும் கேட்டாள்.

“‘இது இங்க வருது, அப்புறம் இந்தப் பக்கமாப் போகுது’ன்னு சொல்ற. எது வருது? எங்க போகுது?”

“படத்தப் பாத்தாத் தெரியுமே.”

“ஜெயந்தி பாக்கமாட்டா.”

ஜெயந்தியை அப்படித்தான் முதலில் கேள்விப்பட்டேன். ஆரப்பாளையத்தில் வீடு. பார்வையற்றோர் பள்ளியில் ஆசிரியை. பிறவியிலேயே பார்வை இல்லை. கால் ஊனமுற்ற பிள்ளைகளோடும் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். படம் பார்க்க முடியாதவருக்குப் பொறியியலா என்று அலுவலகம் திருப்பி அனுப்பியது. ராதாபாய் வாதாடிச் சேர்த்துவிட்டிருந்தாள். தன் பாடங்கள் முழுவதையும் சொல்லால் வரைகிற மாதிரி மறுபடி பேசிப் பதிந்திருந்தாள். காது கேளாதவர்களுக்காகப் பேச்சை எழுத்தாகவும் திரையில் ஓடவிட்டிருந்தாள். சிறுநீரகம் கெட்டு, வாரம்தோறும் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு வருகிற உடம்பை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்தாள்.

“ராதா மேடம் பேசுனா முட்டி கைக்குள்ள வந்து உக்காந்துக்கிரும் மேடம். உங்க பாடத்துல உங்க குரல் நல்லாயிருக்கும்” என்று ஜெயந்தி என்னிடம் சொன்னாள். அவள் குத்திக்காட்டவில்லை. அதனால்தான் இன்னும் ஆழமாகக் குத்தியது.

கோடை விடுமுறை முழுவதும் சாக்பீஸைத் தொடவில்லை. என் பாடங்களை முதலிலிருந்து பேசினேன். கண்ணை மூடிக்கொண்டு பேசினேன். பக்கத்து மேசைக்காரியை ஜெயிப்பதற்காகத்தான் செய்தேன், வேறு உயர்ந்த நோக்கம் எதையும் எனக்குச் சேர்க்க வேண்டாம். தொடைச் சதை கெண்டைக்காலின் மேல் சாயும் அந்த ஒரு பாடத்தை மட்டும் பலமுறை அழித்து அழித்துப் பதிந்தேன்.

தேர்வு நெருங்கியபோது புதிய சிக்கல் வந்தது. ஒரு தாள் முழுக்கப் படம் வரைய வேண்டியது. ராதாபாயும் நானும் தேர்வுக் குழுவின் முன் போனோம். “படம் வரையாம எஞ்ஜினியரிங்க எப்படிங்க பாஸ் பண்றது?” என்றார் ஒருவர். “படம் எதுக்கு சார்? புரிஞ்சிருச்சான்னு தெரிஞ்சுக்கத்தான? களிமண்ணக் குடுங்க, செஞ்சு காட்டட்டும். கேள்விய நீங்க எம்புட்டுக் கஷ்டமா வேணாலும் கேளுங்க” என்றாள் அவள். பேசும்போது மூச்சு வாங்கியது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சம்மதித்தார்கள், ஒரு நிபந்தனையோடு. சலுகை காட்டாத ஒருவர் தேர்வு நடத்த வேண்டும். அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

தேர்வு நாளன்று ஜெயந்தி ஈரக் களிமண்ணில் தொடை எலும்பின் முனையையும் கால் எலும்பின் தலையையும் பிடித்து வைத்தாள். விரல்கள் நிதானமாக இருந்தன. ராதாபாய் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சுலபமான கேள்விகளுக்குப் பிறகு, நான் என்னிடமிருந்த மிகக் கடினமான கேள்வியைக் கேட்டேன். “முழுசா குத்துக்கால் வச்சு உக்காந்த பிறகு பாரம் கூடிக்கிட்டே போகுமா?”

ஜெயந்தி களிமண் எலும்புகளை மடக்கினாள். மீதிக் களிமண்ணை உருட்டி இரண்டுக்கும் நடுவே வைத்து அழுத்தினாள். “போகாது மேடம். ஒரு எல்லைக்கு மேல் தொடை தன் பாரத்தைக் கெண்டைக்காலின் மடியில் இறக்கி வைக்கிறது. மூட்டு அங்கே சற்று இளைப்பாறுகிறது” என்றாள். முதல் இரண்டு வார்த்தைகள் அவளுடையவை. மிச்சம் என் பாடத்தில் நான் சொன்ன வாக்கியங்கள், சொல் மாறாமல். அதே இடத்தில் நான் விட்ட மூச்சைக்கூட அவளும் விட்டாள்.

நான் ராதாபாயைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு களிமண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜெயந்தி தேறினாள். அவளை வீட்டில் விட்டுவிட்டு, ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் நாங்கள் டீ குடிக்க நின்றோம். அளந்துதான் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதால் ராதாபாய் என் டம்ளரிலிருந்து ஒரு வாய் மட்டும் வாங்கிக் குடித்தாள். வெளியூர் பஸ்காரர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவள் சொன்னாள்:

“பாண்டி, இன்னிக்கு எனக்கு வயிறு எரியுதுடி. அந்தப் புள்ளைய நான் சேத்தேன், நான் பாடம் சொன்னேன், நான் சண்டை போட்டேன். அங்க வந்து உன் வாயால பேசுறா.”

சந்தோஷத்தை மறைக்க டம்ளரை முகத்துக்கு நேரே தூக்கிவைத்துக்கொண்டேன். அவள் அதைக் கவனித்துவிட்டு, “நல்லா அனுபவி” என்று சிரித்தாள்.

அதன் பிறகு அவள் அதிக நாள் கல்லூரிக்கு வரவில்லை. கடைசியாக வீட்டில் போய்ப் பார்த்தபோது கால்கள் வீங்கி, கட்டிலில் சாய்ந்திருந்தாள். தன் கணக்குகளை நான் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். “இன்னும் தப்பு இருக்கும். நீதான் தேடணும். மத்தவங்க செத்தவளாச்சேன்னு மரியாதைக்கு விட்ருவாங்க. நீ விடமாட்ட.” தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன். சொல்வதற்கு எதிரில் ஆள் இல்லை.

இறுதிச் சடங்கன்று அந்தத் தெரு கொள்ளவில்லை. ஜெயந்தி வந்ததும் உறவினர்கள் ஒதுங்கி அவளைத் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். ராதாபாயின் முகத்தை அவள் விரல்களால் தொட்டுத் தொட்டுப் பார்த்து அழுதாள். எனக்காக இப்படி அழ ஒருத்தி இருப்பாளா என்று யோசித்தபடி நான் வாசலில் நின்றேன். ராதாபாயின் தங்கை வந்து, “நீங்கதான பாண்டியம்மா?” என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பித் தங்கள் மொழியில் ஏதோ சொன்னாள். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். “அக்கா தினமும் வந்து புலம்புமே, அவங்கதான் இவங்கன்னு சொன்னேன்” என்றாள்.

அவளுடைய மாணவர்கள் அவளுடையவர்கள். கைதட்டல்கள் அவளுடையவை. என் அம்மாகூட இன்றைக்கும், “அந்தப் புள்ளைக்கா இப்படி ஆச்சு” என்று அவளைச் சொல்லித்தான் அழுகிறாள். இதில் எதற்கும் நான் பங்கு கேட்கவில்லை. டீக்கடை வாசலில் வயிறெரிந்து அவள் சொன்னது மட்டும் என்னுடையது. ராதாபாய் அதை வேறு யாரிடமும், வேறு யாரைப் பற்றியும் சொன்னதில்லை என்று நிச்சயமாக நம்புகிறேன். அப்படிச் சொல்லியிருந்தால், தயவுசெய்து யாரும் என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.