மைக்கக்காவும் படகில் திரிந்த பையனும்

அந்த ஆறு மாடிக் கடையில் அவள் முகம் தெரிந்தவர்கள் குறைவு. குரல் தெரியாதவர்களே கிடையாது. "வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் மூன்றாம் மாடியில் குக்கரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கூட ஒரு நொடி நிமிர்வார். நீலநிறக் கார் ஒன்று வழியை மறித்து நிற்கிறது, மஞ்சள் கவுன் போட்ட குழந்தை தகவல் மேசையில் அழுதுகொண்டிருக்கிறது, யாரோ குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே குரல், ஒரே நிதானம், கடைசியில் ஒரே நன்றி. கடைப் பையன்களும் பெண்களும் அவளுக்கு வைத்த பெயர் மைக்கக்கா. அதற்காக அவள் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அவள் சேர்ந்தது என்னவோ பில் போடும் வேலைக்கு. ஒருநாள் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மேனேஜர் கையில் கிடைத்தவளிடம் மைக்கைத் திணித்தார். அன்று பிடித்ததுதான், அதன்பிறகு விடவே இல்லை. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த ஒருவர் லிஃப்டுக்குள்ளே மாட்டிக்கொண்டு அந்தக் குரலைக் கேட்டார். "பயப்பட வேண்டாம், உதவி வந்துகொண்டிருக்கிறது" என்று அவள் சொன்னதை அவர் தனக்கே சொன்னதாக எடுத்துக்கொண்டார். லிஃப்ட் சரியான பிறகும் அதைச் சரிபார்க்க அவர் வந்துகொண்டே இருந்தார். கடைசியில் கல்யாணத்தில் போய் முடிந்தது.

அவர்களுக்கு ஒரே மகன். வயது பதினாறு. சின்னவனாக இருந்தபோது பேச்சு நிற்காது, தூக்கத்தில்கூடப் பேசுவான். இப்போது அவன் வாழ்க்கை முழுவதும் மூன்று சொல்லில் ஓடியது: "ம்", "இல்ல", "தெரியல". சாப்பிட்டாயா என்றால் ம். பரீட்சை எப்படி என்றால் தெரியல. என்னடா ஆச்சு உனக்கு என்றால் இல்ல. அந்தக் கேள்விக்கு இல்ல என்பது எப்படிப் பதிலாகும் என்று அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே யோசிப்பாள். பள்ளி முடிவு வந்ததும் அவன் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினான். "மேல்படிப்புக்கு நான் அத்தை ஊருக்குப் போறேன்." அப்பாவிடம் முன்பே பேசி, அத்தையிடமும் சொல்லி, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கடைசியில்தான் அவளிடம் வந்திருந்தான்.

அவள் இடிந்துபோனாள். ஊர் மாறுவது பெரிய விஷயமில்லை, பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். இப்படிப் பேச்சில்லாமல் போனால் இவன் ஒரேயடியாகப் போய்விடுவான் என்று அவள் மனது அடித்துக்கொண்டது. அவன் கிளம்புவதற்குள் ஒருமுறையாவது தன்னிடம் வாய்விட்டுப் பேசிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது, சம்பளம் இல்லாத வேலை. கடை விடுமுறை நாளில் பார்வையற்றோர் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் வாசித்துப் பதிவு செய்து கொடுப்பாள். பதிவு அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருக்கும். நாலு சுவரிலும் தடித்த பஞ்சு. கதவைச் சாத்தினால் தெரு, ஹாரன், மழை எல்லாம் அணைந்துவிடும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அவள் குரலே வேறு யாருடையதோ போல வந்து காதோரம் உட்காரும். அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாக வாசித்துவிட்டால் பதற வேண்டாம், பதிவை நிறுத்தவும் வேண்டாம். ஒருமுறை கை தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். பிறகு வெட்டி ஒட்டுகிறவர் கைதட்டலைக் கண்டுபிடித்துத் தப்பை நீக்கிவிடுவார். கேட்கிறவருக்கு எதுவும் தெரியாது.

சமையல், சரித்திரம், துப்பறியும் கதை எல்லாம் அவள் அப்படித்தான் வாசித்துத் தள்ளியிருந்தாள். இந்த முறை வந்தது ஒரு பழைய நாவல். பல தலைமுறையாகப் படிக்கப்படுவது என்று அட்டையில் போட்டிருந்தது. துறைமுக ஊரில் ஒரு பதினாறு வயதுப் பையன். பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி நாள் முழுக்கப் படகில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்துகொண்டிருப்பான். கதையைச் சொல்வதும் அவனே. வாத்தியார் மடையன், படகுக்காரன் மடையன், தையல் கடை வைத்துப் பிழைக்கிற அம்மா சரியான தொணதொணப்பு. யாரைப் பற்றிச் சொன்னாலும் கடைசியில் "எனக்கென்ன வந்தது" என்று முடிப்பான். வீட்டு அடுப்படியில் உரக்க வாசித்துப் பழகும்போதே அவளுக்கு எரிச்சல் மண்டியது. இந்தத் திமிர் பிடித்ததற்கு நாலு அறை விட ஆளில்லையா?

பதிவுகளை முதலில் கேட்டுப் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பார்வை கிடையாது, ஆனால் பக்கத்து அறையில் ஊசி விழுந்தால் எந்த நம்பர் ஊசி என்று சொல்லிவிடுவார் என்று கேலி செய்வார்கள். எல்லோருக்கும் அவர் காதுக்காரர். முதல் மூன்று அத்தியாயத்தையும் அவர் திருப்பி அனுப்பிவிட்டுப் போனில் வந்தார்.

"அக்கா, உச்சரிப்பு சுத்தம். ஒரு குறையும் இல்ல. ஆனா எனக்குக் கதை கேக்கவே பிடிக்கல."

"ஏன் சார்?"

"அந்தப் பையன் பேசற மாதிரி இல்லயே. அவனை யாரோ திட்டற மாதிரி இருக்கு. 'எனக்கென்ன வந்தது'ன்னு நீங்க வாசிக்கும்போது, பாரு இவன் லட்சணத்தைன்னு எங்கிட்ட கோள் சொல்றீங்க."

"அவன் பேச்சே அப்படித்தானே இருக்கு!"

"எனக்குத் தெரியாதுக்கா. நான் கேக்கறவன், வாசிக்கறவன் இல்ல. இன்னொரு தடவை படிங்க, எனக்கு மேல என்ன ஆகுதுன்னு தெரியணும்" என்று வைத்துவிட்டார். பெரிய காது, என்று அவள் முணுமுணுத்துக்கொண்டாள்.

அந்த வாரம்தான் வீட்டில் அது நடந்தது. மகன் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தான். அவள் கதவருகே நின்று பேசினாள். புது இடத்தில் எப்படி இருக்க வேண்டும், அத்தைக்கு எப்படி உதவ வேண்டும், எப்போது போன் செய்ய வேண்டும். தெளிவாக, நிதானமாக, ஒவ்வொன்றாக. அவன் நிமிராமலே, "முடிஞ்சுதா அறிவிப்பு?" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. "போடா. போய்த் தொலை, எனக்கு நிம்மதி" என்று வாயில் வந்ததைக் கொட்டிவிட்டாள். கொட்டிய அடுத்த நொடி பதறிப்போனாள். அந்தப் பதற்றத்தில் அவள் செய்த காரியத்தை உலகத்தில் வேறெந்தத் தாயும் செய்திருக்க மாட்டாள். பளீரென்று ஒருமுறை கை தட்டினாள். தட்டிவிட்டு, அதே நிதானக் குரலில், "நீ போறது எனக்கு இஷ்டமில்ல" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

மகன் அவளையே பார்த்தான். அவளுடைய அந்த வழக்கம் அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அவளோடு நூலகத்துக்குப் போய் வெளியே உட்கார்ந்திருந்தவன்தானே. "கை தட்டினா போயிடுமா?" என்று மெதுவாகக் கேட்டான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அடுத்த விடுமுறையன்று பஞ்சு அறைக்குள் போய் நாலாம் அத்தியாயத்தைத் திறந்தாள். படகுப் பையன் தன் அம்மாவின் பின்னால் தெருவில் நடந்து வருகிறான். அவள் நடையைக் கேலி செய்கிறான். வாத்து நடை என்கிறான். இடதுகால் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது, அதனால்தான் அந்தச் சாய்வு என்கிறான். தேய்ந்த இடத்தில் ஆணியின் தலை எட்டிப்பார்க்கிறது. குதிகாலில் பழைய காயத்தின் மேல் புதுக் காயம். கல் பாவிய இடம் வரும்போது அவள் அந்தக் காலை மட்டும் மெல்ல வைக்கிறாள். எனக்கென்ன வந்தது.

அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டாள். பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. 'எனக்கென்ன வந்தது' என்று நிஜமாகவே நினைக்கிறவன் ஆணியைப் பார்ப்பானா? கல் பாவிய இடம் வரைக்கும் பின்னாலேயே வருவானா? முந்திய பக்கங்களைப் புரட்டினாள். படகுக்காரனை மடையன் என்கிற இடத்தில் அவன் சட்டையில் எத்தனாவது பொத்தான் இல்லை என்று இருந்தது. தொல்லை என்று திட்டிய தங்கையின் இருமல் எந்த நேரத்தில் அதிகமாகும் என்று இருந்தது. எல்லாம் முதலிலேயே அங்கேதான் இருந்தது. அவள்தான் திட்டை மட்டும் வாசித்திருக்கிறாள். இத்தனையையும் யாரிடமும் சொல்ல முடியாமல் பார்த்துக்கொண்டே திரிந்த பிள்ளை, கடைசியில் ஒரு புத்தகத்திடம் சொல்லியிருக்கிறான். புத்தகம் படிக்கிறவர் குறுக்கே பேச மாட்டார் அல்லவா, அதனால்.

அவளுக்கு அவன்மேல் பாசம் பொங்கிவிட்டது. விளக்கு மங்கலாக எரிந்த அந்தச் சின்ன அறை மெல்ல ஆடுவதுபோலவும், கீழே தண்ணீர் ஓடுவதுபோலவும், பக்கத்து இருக்கையில் அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலவும் இருந்தது. திரும்பிப் பார்த்தால் போய்விடுவான் என்று திரும்பாமலே வாசித்தாள். எனக்கென்ன வந்தது என்ற இடத்தில் குரலைத் தணித்து, ஏறக்குறைய மூச்சாகவே சொன்னாள். வெளியே வந்தபோது தெரு முழுக்க மாலை வெளிச்சம் தளும்பியது. ஜனங்கள் சத்தமில்லாமல் நடப்பதுபோல் தோன்றியது. பஸ்ஸைத் தவறவிட்டு வீடுவரைக்கும் நடந்தே போனாள்.

அன்றிலிருந்து வீட்டில் அவள் பேச்சைக் குறைத்தாள். சொல்வது சுலபம். வாழ்நாளெல்லாம் வாயால் பிழைத்தவளுக்கு அது பட்டினி கிடப்பது போலத்தான். மகன் ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டான். நாக்கு துறுதுறுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். கணவர் பயந்துபோய், "தொண்டைல ஏதாவதா? டாக்டரைப் பாக்கலாமா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். மகன் அவளை ஓரக்கண்ணால் கவனித்தான். பெட்டி நிரம்பிக்கொண்டே வந்தது.

கிளம்பும் நாள் விடியற்காலை எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று கணவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பஸ் நிலையத்துக்கு அவளும் மகனும் மட்டும் போனார்கள். பனி இறங்கியிருந்தது. விளக்குகளைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வட்டம். பஸ்கள் வருவது தெரியாது, திடீரென்று முன்னால் வந்து நிற்கும். சிமெண்ட் பெஞ்சில் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். சொல்ல வேண்டியது அவளிடம் மலைபோல் இருந்தது. கைகளை மடியில் கோத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

அவன்தான் எதிரே பார்த்துக்கொண்டே கேட்டான். "ஸ்கூல்ல என்னை எப்படிக் கூப்பிடுவாங்கன்னு தெரியுமா?"

தெரியாது என்று அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாடிக்கையாளர். நான் கிளாசுக்குள்ள நுழைஞ்சா ஒருத்தன் வாயைக் கையால பொத்திக்கிட்டு, 'காணாமல் போன குழந்தை வந்து சேர்ந்தது'ன்னு சொல்லுவான். எல்லாரும் சிரிப்பாங்க."

எந்தப் பையன், எந்த வகுப்பு, நீ ஏன் வாத்தியாரிடம் சொல்லவில்லை? அத்தனை கேள்வியும் தொண்டைவரை வந்தன. விழுங்கினாள்.

"முதல்ல கோவமா வந்துது. அப்புறம் நானும் சேர்ந்து சிரிச்சேன். அப்புறம்..." அவன் பெட்டியின் பிடியைத் திருகினான். "அப்புறம் நானே பண்ணிக் காட்ட ஆரம்பிச்சேன். உன்ன மாதிரி. எல்லாரையும்விட நான்தான் நல்லா பண்ணுவேன். தினம் பண்ணச் சொல்லுவாங்க. பண்ணுவேன். வீட்டுக்கு வந்தா உன் மூஞ்சியைப் பாக்க முடியல. உங்கிட்ட ஒரு வார்த்தை பேசினாக்கூட அது ஞாபகம் வந்துடும். அதான் போறேன். வேற ஒண்ணும் இல்ல."

அவளுக்கு வலித்தது. மறைப்பானேன், நன்றாகவே வலித்தது. ஒரு வகுப்பறை முழுக்கத் தன் குரலை வைத்துச் சிரித்ததையும், பெற்ற பிள்ளை அதற்கு நடுவில் நின்றதையும் நினைத்தபோது கண் கரித்தது. ஆனால் அதற்குள்ளேயே அவளுக்கு ஆணி எட்டிப்பார்க்கும் அந்தச் செருப்பு ஞாபகத்துக்கு வந்தது. அவள் பெட்டியின் மேலே சாய்ந்து கேட்டாள்.

"எங்க, பண்ணிக் காட்டு."

"என்னது?"

"எப்படிப் பண்ணுவ? நான் கேக்கணும்."

அவன் திகைத்துப்போய்ப் பார்த்தான். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டான். பனிக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு. நிதானம், தெளிவு, எல்லாம் அச்சாக அவளே. நன்றிக்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு இழுத்தான். அப்படியொரு மூச்சை அவள் இழுப்பாள் என்பது இத்தனை வருஷமாக மேனேஜருக்குத் தெரியாது, கணவருக்குத் தெரியாது, காதுக்காரருக்குக்கூடத் தெரியாது. அவளுக்கே தெரியாது.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "டேய், என்னைவிட நல்லா இருக்குடா" என்றாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது; மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். பக்கத்து பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர் எந்த பஸ் வந்துவிட்டது என்று பதறி எழுந்தார். அதற்கும் சேர்த்துச் சிரித்தார்கள்.

பிறகு அவன் பேசினான். கெமிஸ்ட்ரியைப் பற்றி, கடன் வாங்கிய சைக்கிளைப் பற்றி, வகுப்பில் ஒரு பெண் மட்டும் அவனைச் சொந்தப் பெயரால் கூப்பிட்டதைப் பற்றி. ஒன்றோடொன்று ஒட்டாத பேச்சு. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பஸ் வந்தது. போகாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் இப்போது நின்றுவிடுவான் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அவன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியைத் தள்ளினான்.

"நீ அடுப்படில வாசிச்சுப் பழகுவியே, ஒரு படகுப் பையன். அவன் கடைசில வீட்டுக்குப் போறானா?"

"வாசல் வரைக்கும் வர்றான். கதவைத் தட்டினானா இல்லையான்னு எழுதல. அதோட முடிஞ்சுடுது."

அவன் யோசித்தான். பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. ஆறு மாடிக்கும் கேட்கப் பேசுகிறவளுக்கு அந்த நேரம் பத்திரமாகப் போய்வா என்று சொல்லக்கூடக் குரல் எழும்பவில்லை. கையை மட்டும் தூக்கினாள். பனிக்குள் மறைவதற்கு முன் அவன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான்.

"தட்டியிருப்பான்மா!"