கண்ணாடிப் பூச்சியின் வயிற்றில்

போன ஆடி மாதம், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளிகளுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் எழுதுகிறாள். "சுருக்கமா சொல்லுங்க அத்தே" என்று இப்போதே முறைக்கிறாள்.

ஆடிக் காற்றடித்தால் எங்கள் ஊரில் கதவைத் திறக்க முடியாது. மைன்ஸ் மண்மேட்டுப் புழுதி சோற்றிலேயே வந்து விழும். அன்றைக்கு இருமிக்கொண்டே உள்ளே வந்தாள் லீவுக்கு வந்த பேத்தி, இந்த மருமகள் பெற்றவள். புழுதிதான் என்று நினைத்தேன். மறுநாளும் இருமல் நிற்கவில்லை.

சென்னையில் கடலைப் பற்றிப் படிக்கிறாள். கப்பல் எண்ணெய் கொட்டிய இடத்துக்குப் படகில் போய், தண்ணீரை வலையில் அரித்து, பொடிப் பூச்சிகளைப் பிடிக்கிறாளாம். "பூச்சி புடிக்கவா காலேஜு?" என்று கேலி செய்தேன். உடனே செல்போனில் வீடியோ காட்டினாள்.

என்ன அழகு! ரவை அளவுதானாம். போனில் இறால் குஞ்சு மாதிரி மீசையை ஆட்டுகிறது. உடம்பெல்லாம் கண்ணாடி. உள்ளே மட்டும் கறுப்பாய்ப் பொட்டுப் பொட்டாக.

"இன்னாடி கண்ணு அது, முட்டையா?"

"எண்ணெய் ஆயா. பொடிப் பொடியா ஒடஞ்சி தண்ணியில மெதக்குது. தீனின்னு நெனச்சி முழுங்கிடுது. கொஞ்சம் கழிவோட போய்டும். மிச்சத்தோட இதை மீன்குஞ்சு முழுங்கும்."

"இது பொழைக்குமா?"

"சிலது பொழைக்கும். அது போடற முட்டைதான் சரியா பொரிக்காது."

இந்த மாதிரிப் பொட்டுகளை என் வீட்டுக்காரரின் எக்ஸ்ரேயில் பார்த்திருக்கிறேன். அங்கே வெள்ளை, இங்கே கறுப்பு. கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கிப் பூமிக்கடியில் பாறை துளைத்தவர். தூசி நெஞ்சில் தங்கி, படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கி, போய்ச் சேர்ந்தார்.

"படகுல மூக்குக்கு இன்னா கட்டிக்கிற?"

"மாஸ்க் குடுத்தாங்க. மூக்குக்கண்ணாடியில ஆவி படியுது ஆயா, வேலையே ஓடல. கழட்டிட்டேன்."

துணி கட்டுங்கள் என்றால் அவரும் இதையேதான் சொல்வார்: "மூச்சு முட்டுது, வேலை ஓடல." பெட்டிக்குள் இருந்த எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எங்கள் லைனில் இப்படி ஒன்று இல்லாத வீடு குறைவு.

"உங்க தாத்தா உள்ளாரயும் கீது பாரு. அவரும் தெரியாமதான் முழுங்கினாரு."

அவள் எக்ஸ்ரேயை வாங்கி உற்றுப் பார்த்தாள். மருமகள்தான் அழுதாள். இப்போதும் எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துகிறாள்.

டாக்டரிடம் கூட்டிப்போனோம். நெஞ்சு சுத்தம், எண்ணெய் நெடி தொண்டையை அறுத்திருக்கிறது என்றார். லைன் முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன்!

இப்போது படகேறும் போதெல்லாம் மாஸ்க் போட்ட படம் அனுப்புகிறாள். படிக்கத் தெரியாதவளுக்கு அதுதானே கடுதாசி? அந்தச் சந்தோஷத்தில் அடுப்பை மறந்து எத்தனையோ முறை பாலைப் பொங்கவிட்டிருக்கிறேன். ஆனால் போன் அணைந்ததும் அந்தக் கண்ணாடிப் பூச்சி கண்ணுக்குள் வந்து மீசையை ஆட்டும். என் பேத்திக்குச் சொல்ல நான் இருந்தேன். எதிரே வருவதெல்லாம் தீனி என்று நம்பி முழுங்குகிற அதற்குச் சொல்ல, அவ்வளவு பெரிய கடலில் யார் இருக்கிறார்கள்?